லைல் ஹாக்கெட்டின் இருபதாவது தோல்வி

ஹால்ஸ்டன், ஒஹாயோ
மே 12, 1957

அன்புள்ள வெர்னாவுக்கு,

நலம். நலமறிய ஆவல்.

வக்கீல் அனுப்பிய விவாகரத்துக் காகிதங்கள் வந்து சேர்ந்தன. கையெழுத்துப் போட வேண்டிய இடங்களில் பென்சிலால் பெருக்கல் குறி போட்டிருக்கிறார். துணிகளுக்கு அடியில் பத்திரமாக வைத்திருக்கிறேன். சீசன் நடக்கும்போது நான் எதிலும் கையெழுத்துப் போடுவதில்லை என்பது உனக்குத் தெரியும். மூடநம்பிக்கை என்றுதான் சொல்லுவாய். சொல்லிக்கொள். செப்டம்பர் தொடக்கத்தில் எல்லாம் முடிந்துவிடும். அதுவரை பொறுத்துக்கொள்.

இங்கே இன்னும் குளிர் விடவில்லை. பந்து கையில் கல்லாக இருக்கிறது. இதுவரை வெற்றி இல்லை, தோல்வி நான்கு. ஆனால் நான் விட்ட ரன்களின் சராசரி 2.60தான். எண்ணைப் பார்த்தால் யாரும் நம்பமாட்டார்கள். நான்கு ஆட்டத்திலும் சேர்த்து நம் பையன்கள் எடுத்தது மூன்றே ரன். மேனேஜர் ப்ரென்னர், "உனக்கு ரன் எடுத்துக் குடுக்கணும்னா பாங்க்ல லோன்தான் கேக்கணும்" என்கிறான். முப்பத்தைந்து வயதில் இதற்கெல்லாம் சிரிக்கப் பழகிவிட்டேன்.

அறைத் தோழன் புதியவன். எலிசியோ என்று பெயர், கியூபாக்காரன், என் பந்தைப் பிடிக்கும் கேட்சர். வானொலியை நான் எவ்வளவு சத்தமாக வைத்தாலும் அதைவிடச் சத்தமாகப் பாடுகிறான். கை நன்றாக இருக்கிறது.

அன்புடன்,
லைல்


ஆல்டா க்ரீக், நெப்ராஸ்கா
மே 23, 1957

அன்புள்ள லைல்,

கடிதம் கிடைத்தது. "நலமறிய ஆவல்" என்று எழுதியிருக்கிறாய். கல்யாணமான நாளிலிருந்து உன் எல்லாக் கடிதங்களிலும் அந்த வரி இருக்கிறது. அதற்குப் பின்னால் ஒரு கேள்வி வந்ததாக நினைவில்லை. அதனால் நானே சொல்லிவிடுகிறேன். நலம். தொலைபேசி நிலையத்தில் பகல் வேலையாக மாற்றிக் கொடுத்துவிட்டார்கள். என் அண்ணன் வீட்டு மாடியில்தான் இன்னும் இருக்கிறேன்.

எதற்கு அவசரம் என்று நீ கேட்கவில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன். ஹார்லன் ஆம்டால் என்று ஒருவர், இங்கே விதைக்கடை வைத்திருக்கிறார். மனைவி இறந்து சில வருடம் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் வருவார், ஆப்பிள் பை சாப்பிடுவார், பேசிக்கொண்டிருந்துவிட்டுப் போவார். அக்டோபரில் திருமணம் செய்துகொள்ளலாமா என்று கேட்டிருக்கிறார். சரி என்று சொல்லியிருக்கிறேன். அதற்கு உன் கையெழுத்து வேண்டும்.

அவருக்கு பேஸ்பால் தெரியாது. ஓமாஹா பத்திரிகையில் உன் ஆட்டங்களின் ஸ்கோர்ப் பட்டியலை நான் பார்த்துக்கொண்டிருந்தபோது, "ஒம்போது பேர் ஆடறாங்க. தோத்தா ஒருத்தர் பேர்ல மட்டும் ஏன் எழுதறாங்க?" என்று கேட்டார்.

"பந்து எறியறவர் பேர்லதான் எழுதுவாங்க. ஜெயிச்சாலும் அப்படித்தான்."

"இது என்ன நியாயம்?"

"சராசரின்னு இன்னொண்ணு இருக்கு. ஒம்போது இன்னிங்ஸுக்கு எத்தனை ரன் விட்டார்னு கணக்கு. கூட நிக்கறவங்க கோட்டை விட்டதால வந்த ரன்னை அதுல சேர்க்க மாட்டாங்க. ஆள் எப்படி எறியறார்னு அதுலதான் தெரியும்."

"அப்ப இவர் எப்படி?"

"நல்லா எறியறார். தோத்துட்டே இருக்கார்."

தலையை ஆட்டிவிட்டு இன்னொரு துண்டு பை கேட்டார்.

போர்க் காலத்தில், ஆண்கள் இல்லாததால், பத்திரிகைக்காக நான் ஸ்கோர் எழுதினேன் அல்லவா? அந்தப் பழக்கம் விடவில்லை, அவ்வளவுதான். பட்டியலைப் பார்ப்பதற்கு வேறு அர்த்தம் எடுத்துக்கொள்ளாதே. கையெழுத்துப் போட்டு அனுப்பு.

இப்படிக்கு,
வெர்னா


ஹால்ஸ்டன்
ஜூன் 16, 1957

அன்புள்ள வெர்னாவுக்கு,

நலம். (மற்ற பாதியை எழுதவில்லை, திட்டுவாய்.)

ஹார்லன் ஆம்டாலைப் பற்றி எழுதியிருந்தாய். நல்லவராகத் தெரிகிறது. எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை.

இரண்டு வெற்றி, ஒன்பது தோல்வி. நேற்று நடந்ததைக் கேள். ஒன்பதாவது இன்னிங்ஸ், நாங்கள் ஒரு ரன் முன்னே. இரண்டு பேர் அவுட். இன்னும் ஒருவன்தான். அவன் அடித்த பந்து பிங்க்கியிடம் போனது. பிங்க்கி என்றால் இரண்டாம் தளத்துக்கும் மூன்றாம் தளத்துக்கும் நடுவில் நிற்பவன், லூயிசியானாக்காரன். அந்தப் பந்தை நீ கையில் காபிக் கோப்பையோடு பிடித்திருப்பாய். அவன் கால் நடுவே விட்டுவிட்டான். ஏற்கெனவே தளத்தில் நின்ற இரண்டு பேரும் ஓடிவந்துவிட்டார்கள். எங்கள் கடைசி முறையில் ஒருவரும் ரன் எடுக்கவில்லை. முடிந்தது.

இங்கே கூட்டத்தில் தினமும் மணியோடு வந்து உட்காரும் ஒரு ஆள் உண்டு. நான் மைதானத்திலிருந்து உள்ளே போகும்போது மணியை ஆட்டிக்கொண்டே, "ஹாக்கெட்டு! கடை இன்னும் தெறந்துதான் இருக்கு, வீட்டுக்கு ஒரு வெற்றி வாங்கிட்டுப் போ!" என்று கத்தினான். எல்லாரும் சிரித்தார்கள். எலிசியோவும் சிரித்தான்.

உடை மாற்றும் அறையில் பிங்க்கி என் பக்கம் திரும்பவே இல்லை. "டேய், சாப்பிட வா" என்றேன். "எனக்குப் பசிக்கல சார்" என்றான். "தோத்தது நான். பேப்பர்ல என் பேர்தான் வரும். நீ ஏன் பட்டினி கெடக்கணும்?" என்றேன். வந்தான். இரண்டு தட்டு ஹாம் சாப்பிட்டான்.

சராசரி 2.66.

அன்புடன்,
லைல்


ஆல்டா க்ரீக்
ஜூலை 7, 1957

அன்புள்ள லைல்,

உன் கடிதத்தில் காகிதங்களைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பிங்க்கி எத்தனை தட்டு ஹாம் சாப்பிட்டான் என்பது இருக்கிறது.

நீ விளையாடப் போனதற்காக நான் பிரிந்தேன் என்று ஊரில் பேசுகிறார்கள். என் அண்ணனும் அப்படித்தான் நினைக்கிறான். நீயும் அப்படி நினைத்துக்கொண்டிருந்தால் தெரிந்துகொள்: அது இல்லை. ஊர் ஊராகப் போய்ப் பந்து எறிகிற பிட்சர் என்று தெரிந்துதான் கட்டிக்கொண்டேன்.

போன ஆகஸ்டில் எனக்கு ஆபரேஷன் நடந்த அன்று மாலை நீ டெட்ராய்ட்டிலிருந்து கூப்பிட்டாய். எனக்கு எழுந்து உட்கார முடியவில்லை. நர்ஸ் தொலைபேசியை என் காதோடு வைத்துப் பிடித்தாள். "எப்படி இருக்கே?" என்றாய். "பரவால்ல" என்றேன். உடனே ஏழாவது இன்னிங்ஸுக்குப் போய்விட்டாய். நடுவர் எப்படி ஒரு நல்ல பந்தைத் தப்பாகச் சொன்னார், அதனால் என்ன ஆயிற்று, அடுத்து யார் வந்தார் என்று. நர்ஸுக்குக் கை வலித்து மறு கைக்கு மாற்றிக்கொண்டாள். எட்டாவது இன்னிங்ஸும் ஆனது. பிறகு தொலைபேசியில் போடக் காசு தீர்ந்துவிட்டது என்று வைத்துவிட்டாய். நர்ஸ், "உங்க வீட்டுக்காரர் ஜெயிச்சாரா?" என்று கேட்டாள். "ஜெயிச்சார்" என்றேன்.

கோபத்தோடு எழுதவில்லை. கோபம் போன வருடமே தீர்ந்துவிட்டது. நீ காரணத்தைத் தப்பாக வைத்துக்கொண்டிருக்கக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

இங்கே மழை இல்லை. சோளம் முழங்கால் உயரத்துக்கு வந்திருக்கிறது. ஹார்லன் கவலைப்படுகிறார்.

இப்படிக்கு,
வெர்னா


கொலம்பஸ் போகும் பேருந்தில்
ஆகஸ்ட் 1, 1957

அன்புள்ள வெர்னாவுக்கு,

எழுத்து ஆடியிருந்தால் சாலையைத் திட்டு.

உன் கடிதம் வந்து நாளாகிவிட்டது. பல முறை பதில் எழுத உட்கார்ந்தேன். நீ சொன்னது நடந்ததுதான். நான் அதை வேறு மாதிரி நினைவில் வைத்திருந்தேன். நல்ல செய்தி சொல்லி உன்னைத் தேற்றினேன் என்று.

நீ எப்படி இருக்கிறாய்? வேலை எப்படி இருக்கிறது? அங்கே மழை பெய்ததா? இவ்வளவும் கேட்டுவிட்டு அடுத்து என்ன எழுதுவது என்று தெரியாமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பக்கத்தில் எலிசியோ, "என்ன கிழவா, பேனா மை தீந்துபோச்சா, விஷயம் தீந்துபோச்சா?" என்கிறான்.

நான்கு வெற்றி, பதினைந்து தோல்வி. சராசரி 2.71, லீக்கிலேயே மூன்றாவது. இதை யாரிடம் சொன்னாலும் சிரிக்கிறார்கள். ஹால்ஸ்டன் பத்திரிகைக்காரன் என் படத்தைப் போட்டு, கீழே 'இருபதை நோக்கி' என்று எழுதியிருக்கிறான். ஒரே சீசனில் இருபது தோற்றவன் என்ற பெயர் வந்தால் அதற்கு முன் செய்தது எல்லாம் அழிந்துபோகும். என்னோடு இருந்த பழைய ஆள் ஒருவனுக்கு அப்படி ஆனது. அவன் பெயரை இன்றும் யாரும் தனியாகச் சொல்வதில்லை, அந்த எண்ணோடுதான் சொல்கிறார்கள்.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். கேட்க எனக்கு உரிமை இல்லை என்பதும் தெரியும். பட்டியல்களை வெட்டி வைத்திருப்பாய். பத்திரிகைச் செய்தியையும் படித்திருப்பாய். இந்தப் பதினைந்தில் எத்தனை என்னுடையவை? இங்கே எல்லாரும் என் முதுகில் தட்டி, "உன் தப்பே இல்லப்பா" என்கிறார்கள். ப்ரென்னர் சொல்வதை நான் நம்பவில்லை. எலிசியோ எனக்காகப் பொய் சொல்வான். நீ ஸ்கோர் எழுதிய காலத்தில் யாருக்காகவும் வளைந்ததில்லை.

லைல்


ஆல்டா க்ரீக்
ஆகஸ்ட் 12, 1957

அன்புள்ள லைல்,

ஏழு.

எப்படி வந்தது என்றும் சொல்கிறேன். ஐந்து ஆட்டத்தில் உன் அணி ஒரு ரன்கூட எடுக்கவில்லை. ரன்னே எடுக்காத அணிக்காக யார் எறிந்தாலும் ஜெயிக்க முடியாது. அந்த ஐந்தையும் தள்ளிவிட்டேன். மூன்று ஆட்டம் மற்றவர்கள் கைநழுவவிட்டதால் போனது, பிங்க்கியுடையதும் அதில் ஒன்று. மிச்சம் ஏழு. அதில் இரண்டில் எனக்குச் சந்தேகம் இருந்தது. அவற்றையும் உன் பக்கமே வைத்தேன். நீ கேட்டது ஆறுதல் இல்லை என்று நினைத்து அப்படிச் செய்தேன்.

அந்த ஏழில் ஜூலை நான்காம் தேதி ஆட்டத்தை மட்டும் முழுக்க நீயாகவே தோற்றாய். அடிக்கத் தெரியாத ஒருவனுக்குக் கண்டபடி எறிந்து சும்மா முதல் தளத்துக்கு அனுப்பினாய். நீ அப்படிச் செய்கிறவன் இல்லை. அதனால்தான் மற்ற எண்களையும் பார்த்தேன். ஜூன் கடைசியிலிருந்து உன் ஸ்ட்ரைக் அவுட், பந்தைத் தொடவிடாமல் நீ ஆளை வெளியேற்றுவது, பாதியாகிவிட்டது. இருப்பவையும் முதல் ஐந்து இன்னிங்ஸில். அதன் பிறகு எல்லாரும் உன் பந்தைத் தொடுகிறார்கள், உயரமாக அடிக்கிறார்கள், யாராவது ஓடிப் பிடிக்கிறார்கள். "கை நன்றாக இருக்கிறது" என்று மே மாதம் எழுதினாய். அதற்குப் பிறகு கையைப் பற்றி எழுதவே இல்லை. முழங்கைதானே? ப்ரென்னரிடம் சொன்னாயா?

இதற்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஆனது. மேசை முழுக்கப் பத்திரிகைத் துண்டு. ஹார்லன் பொறுமையாக உட்கார்ந்திருந்தார். கடைசியில், "வெர்னா, நீ அவருக்குக் கையெழுத்துக் கேட்டு எழுதறியா, இல்ல ஸ்கோர் கேட்டு எழுதறியா?" என்றார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார். நான் துண்டுகளை அடுக்கினேன். அவர் தொப்பியை எடுத்துக்கொண்டு போனபோது தட்டில் ஆப்பிள் பை அப்படியே இருந்தது.

இனிமேல் இப்படி எதுவும் என்னிடம் கேட்காதே.

வெர்னா


ஹால்ஸ்டன்
செப்டம்பர் 2, 1957

அன்புள்ள வெர்னாவுக்கு,

முழங்கைதான். நாலு மாநிலம் தள்ளி உட்கார்ந்துகொண்டு கண்டுபிடித்துவிட்டாய், தினமும் பக்கத்தில் நிற்கிற ப்ரென்னருக்குத் தெரியவில்லை. எலிசியோவுக்குத் தெரியும். பந்து அவன் கையில் வந்து விழும் சத்தம் மாறிவிட்டதாம். நான் கேட்டுக்கொண்டதால் சொல்லாமல் இருக்கிறான். காலையில் சட்டைப் பொத்தான் போட இடது கை வேண்டியிருக்கிறது.

ஐந்து வெற்றி, பத்தொன்பது தோல்வி. ஞாயிற்றுக்கிழமை கடைசி ஆட்டம், முதலிடத்தில் இருக்கும் அணியோடு. என் முறை.

நேற்று ப்ரென்னர் கூப்பிட்டு கதவைச் சாத்தினான். "உக்காரு. ஞாயித்துக்கிழமை உனக்கு லீவு. ஊருக்குப் போ."

"என் முறையாச்சே."

"அதனாலதான் சொல்றேன். பத்தொம்போதோட நிப்பாட்டிக்கடா. இருபதுன்னு ஆயிட்டா அது ஒட்டிக்கும், சாகற வரைக்கும் போகாது. யாரும் உன்னைத் தப்பா நெனைக்க மாட்டாங்க. எல்லா மேனேஜரும் செய்யறதுதான்."

"எனக்குப் பதிலா யாரு?"

"யாரோ ஒருத்தன். உனக்கென்ன?"

அவன் நல்லதுக்குத்தான் சொல்கிறான். அன்று இரவே ரயில் ஏறினால் செவ்வாய்க்கிழமை ஆல்டா க்ரீக்கில் நானே காகிதங்களை உன் கையில் கொடுத்துவிடலாம் என்றும் நினைத்துப் பார்த்தேன். வழியில்லாமல் இல்லை.

ஆனால் நான் எறிகிறேன் என்று சொல்லிவிட்டேன். காரணத்தைச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. உன் கடிதம் வரும்வரை இருபது என்ற எண்ணுக்குப் பயந்துகொண்டிருந்தேன். நீ ஏழு என்று எழுதினாய். எனக்குத் தெரிந்து சரியாக எண்ணத் தெரிந்த ஒரே ஆள் நீ. அதற்குப் பிறகு பயம் போய்விட்டது. பயம் இல்லாதபோது உட்கார்ந்துகொள்ள எனக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை.

காகிதங்களைத் திங்கட்கிழமை அனுப்புகிறேன்.

லைல்


ஆல்டா க்ரீக்
செப்டம்பர் 5, 1957
விமானத் தபால்

லைல்,

இது ஞாயிற்றுக்கிழமைக்கு முன் வந்து சேருமா தெரியவில்லை.

எறியாதே. இருபதுக்காகச் சொல்லவில்லை, அந்த எண் எனக்கு ஒரு பொருட்டே இல்லை. பொத்தான் போட முடியாத கையோடு ஒன்பது இன்னிங்ஸ் எறிய முடியாது. உனக்கு இன்னும் முப்பது நாற்பது வருடம் அந்தக் கை வேண்டும். சாப்பிட, காரோட்ட, ஒரு பெட்டியைத் தூக்க. நான் எழுதிய ஏழை வைத்துக்கொண்டு நீ இதைச் செய்கிறாய் என்றால், அதை எழுதியதற்காக வருந்துகிறேன்.

ப்ரென்னரிடம் சொல். இன்றே சொல். நீ சொல்லாவிட்டால் நான் நிலையத்திலிருந்து கூப்பிட்டுச் சொல்லிவிட முடியும், இணைப்பு என் கையில்தான் இருக்கிறது. ஆனால் செய்யமாட்டேன். அது உன் கை.

வெர்னா


ஹால்ஸ்டன்
செப்டம்பர் 10, 1957

அண்ணிக்கு வணக்கம்.

நான் எலிசியோ, ரூம் தோழன். அண்ணனுக்கு வலது கையில் கட்டுப் போட்டிருப்பதால் அவர் சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன். எழுத்துப்பிழை இருந்தால் அது என்னுடையது. பொய் இருந்தால் அது அவருடையது.

உங்கள் விமானக் கடிதம் திங்கட்கிழமை காலையில்தான் வந்தது. அதை முதலில் எழுதச் சொல்கிறார்.

ஆட்டம் எப்படி நடந்தது என்று எழுதட்டுமா என நான் கேட்டதற்கு, "அதெல்லாம் வேணாம், காகிதத்தைப் பத்தி மட்டும் எழுது" என்கிறார். நான் எழுதாமல் விடமாட்டேன். ஏழு இன்னிங்ஸ் அவர்களைக் கட்டிப்போட்டார் அண்ணி. வேகமே கிடையாது. எல்லாம் மெதுவான பந்து, என் பாட்டி எறிகிற மாதிரி. ஒருவனாலும் சரியாக அடிக்க முடியவில்லை. ஆளுக்கு ஒரு ரன், சமநிலை. மணிக்கார ஆள்கூட ஆறாவது இன்னிங்ஸில் மணியைக் கீழே வைத்துவிட்டான்.

எட்டாவதில் ஒருவன் அடித்து முதல் தளத்துக்குப் போனான். அடுத்த பந்தை எறிந்தபோது எனக்கே சத்தம் கேட்டது. காய்ந்த குச்சி ஒடிகிற மாதிரி. அண்ணன் விழவில்லை. கையைத் தொங்கவிட்டபடி அப்படியே நின்றார். நான் ஓடிப் போனேன். "பந்தைக் குடுங்க" என்றேன். "அந்தா கீழ கெடக்கு, நீயே எடுத்துக்க" என்றார்.

அவருக்குப் பதிலாக வந்தவன் எறிந்த முதல் பந்தையே பலமாக அடித்துவிட்டார்கள். அண்ணன் விட்டுவிட்டு வந்த ஆள் ஓடிவந்து ரன் எடுத்தான். அந்த ஆள் அண்ணன் கணக்கு என்பதால் தோல்வியும் அவர் பெயரில். அவர் உள்ளே பனிக்கட்டி வாளியில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் போய்ச் சொன்னேன். "சரி" என்றார். பிங்க்கி அழுதான். அண்ணன் அவனைப் பார்த்து, "இதுல நீ ஒண்ணும் பண்ணலையேடா" என்றார்.

ஐந்து வெற்றி, இருபது தோல்வி, சராசரி 2.84. இதையும் வேண்டாம் என்றார், நான் எழுதிவிட்டேன்.

டாக்டர் கையில் வெட்டித் தைக்க வேண்டும் என்கிறார். இனி எறிய முடியாது.

காகிதங்கள் இதனோடு இருக்கின்றன. ஹோட்டல் குமாஸ்தா நோட்டரியும்கூட, அவர் முன்னால் இடது கையால் போட்டது. கோழி நடந்த மாதிரி இருந்தாலும் செல்லும் என்று அவர் சாட்சிக் கையெழுத்தும் போட்டிருக்கிறார். அண்ணன் சொல்வது: தாமதத்துக்கு மன்னிக்கவும். ஹார்லன் ஆம்டாலுக்கு என் வணக்கம்.

அண்ணி, நான் சொல்வது: இவர் மோசமான ஆள் இல்லை.

(அவர் இதை அடிக்கச் சொல்கிறார். அடிக்கவில்லை.)

எலிசியோ போர்த்துவோந்தோ


ஹால்ஸ்டன்
நவம்பர் 24, 1957

வெர்னா,

இடது கையால் எழுதுகிறேன். அதனால் சுருக்கமாக.

லீக் அலுவலகம் அதிகாரபூர்வ எண்களை வெளியிட்டுவிட்டது. ஐந்து வெற்றி, பத்தொன்பது தோல்வி. அச்சுப்பிழை இல்லை. ஜூனில் டொலீடோவில் ஒரு ஆட்டம். நான் வெளியே வந்தபோது சமநிலை, தளத்தில் நான் விட்டுவந்தவன் ஒருவன். அவன் ரன் எடுத்துத் தோற்றோம் என்று என் பெயரில் எழுதிவிட்டார்கள். உண்மையில் அவன் அடுத்த தளத்துக்குத் திருட்டுத்தனமாக ஓடி, எலிசியோ எறிந்து அவுட் ஆனவன். ரன் எடுத்தது, எனக்குப் பின்னால் எறிய வந்தவன் தளத்தில் ஏறவிட்ட வேறொருவன். அலுவலகத்தில் யாரோ மூலத் தாளைப் பார்த்துத் திருத்தியிருக்கிறார்கள். "நான்தான் அவனைப் புடிச்சேன், ஒருத்தனும் எழுதல" என்று எலிசியோ ஹவானாவிலிருந்து கடிதம் எழுதிக் குதிக்கிறான்.

ஆக, கடைசி ஞாயிற்றுக்கிழமை நான் எறிந்தபோது என் கணக்கில் பதினெட்டுதான் இருந்தது. அது யாருக்கும் தெரியாது. எனக்கும்.

ப்ரென்னர் விழுந்து விழுந்து சிரித்தான். பிறகு, பிப்ரவரியில் புதுப் பையன்களுக்குப் பந்து எறியக் கற்றுக்கொடுக்க வருகிறாயா என்றான். யோசிக்கிறேன் என்றேன்.

ஆபரேஷன் நன்றாக முடிந்தது. மயக்கம் தெளியும்போது அறையில் யாரும் இல்லை. அது எப்படி இருக்கும் என்று தெரிந்துகொண்டேன்.

லைல்


ஆல்டா க்ரீக்
டிசம்பர் 9, 1957

அன்புள்ள லைல்,

தீர்ப்பு வெள்ளிக்கிழமை வந்தது. நீதிபதி அதிகம் கேட்கவில்லை. "கொடுமைப்படுத்தினாரா?" என்றார். இல்லை என்றேன். "குடியா?" இல்லை என்றேன். "அப்புறம்?" என்று கண்ணாடியைக் கழற்றினார். "வீட்ல இருக்க மாட்டார்" என்றேன். எழுதிக்கொண்டார். வெளியே வந்தபோது பனி பெய்துகொண்டிருந்தது. உன் பிரதி தனியாக வரும்.

டொலீடோ ஆட்டத்தை நானும் தவறவிட்டேன். பத்திரிகைப் பட்டியலில் அது தெரியாது என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் உன் ஏழில் அதையும் சேர்த்திருந்தேன். ஆறு என்று திருத்திக்கொள்.

சனிக்கிழமை மதியம் நான் நிலையத்தில் இணைப்புப் பலகை முன்னால் உட்கார்ந்திருந்தபோது வெளியூர் அழைப்பு விளக்கு எரிந்தது. வழக்கம்போல "எந்த நம்பர் வேணும்?" என்றேன். பதில் இல்லை. திரும்பவும் கேட்டேன். "நம்பர் எதுவும் இல்ல, வெர்னா. நான்தான்" என்றாய். பிறகு, "எப்படி இருக்கே?" என்றாய். "பரவால்ல" என்றேன். நீ அடுத்ததற்குப் போவாய் என்று காத்திருந்தேன். நீ போகவில்லை. இரைச்சல்தான் கேட்டது. "லைன்ல இருக்கியா?" என்றேன். "இருக்கேன், நீ சொல்லு" என்றாய். நான் சொல்ல ஆரம்பித்தபோது மேற்பார்வையாளர் பின்னால் வந்து நின்றதால் இணைப்பைத் துண்டிக்க வேண்டியதாயிற்று. கோபத்தில் வைத்தேன் என்று நினைத்திருப்பாய். இல்லை. சொல்ல வந்தது இது.

போன வருடம் ஆபரேஷனுக்கு முன்னால் உன்னிடம் சின்னக் கட்டி என்றேன். சின்னது இல்லை. கர்ப்பப்பையோடு எடுத்துவிட்டார்கள். நீ எங்கேயோ பேருந்தில் இருந்ததால் அண்ணன்தான் கையெழுத்துப் போட்டான். நீ டெட்ராய்ட்டிலிருந்து கூப்பிட்டபோது டாக்டர் என்னிடம் அதைச் சொல்லி ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்காது. உன்னிடம் சொல்லலாம் என்று இருந்தேன். நீ பேசி முடித்ததும் சொல்லலாம் என்று. பிறகு சொல்லத் தோன்றவில்லை. அதற்குப் பின் எத்தனையோ நாள் வீட்டில் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டோம். அப்போதும் சொல்லவில்லை. அது உன் தவறு மட்டும் இல்லை.

இப்போது உடம்பு நன்றாக இருக்கிறது. ஹார்லனுக்கு இதெல்லாம் தெரியும், முதல் மாதமே கேட்டுத் தெரிந்துகொண்டார். அக்டோபர் என்று சொன்னது தீர்ப்பு தாமதமானதால் தள்ளிப்போனது. இப்போது கேட்டால், வசந்த காலத்து விதைப்பு முடியட்டும், கடையில் கூட்டம் குறைந்ததும் வைத்துக்கொள்ளலாம் என்கிறார். இவருக்கும் ஒரு சீசன் இருக்கிறது. நானும் சரி என்றேன், எனக்கும் அவசரமில்லை. காரோட்டக் கற்றுக்கொண்டேன். அண்ணனின் காரை ஒரு முறை பள்ளத்தில் இறக்கினேன், அடி ஒன்றும் இல்லை.

பிப்ரவரியில் நீ போகலாம் என்பது என் எண்ணம். பிங்க்கிக்குச் சோறு போட்டதை நினைத்துச் சொல்கிறேன், எறிவதைவிடப் பையன்களுக்குக் கற்றுக்கொடுப்பது உனக்கு நன்றாக வரும். முடிவு உன்னுடையது.

பதில் எழுத வேண்டும் என்று இல்லை. இடது கையைப் போட்டு வருத்தாதே. சனிக்கிழமை நீ இரைச்சலுக்கு நடுவே பேசாமல் இருந்தது எனக்குக் கேட்டது.

வெர்னா லிண்ட்குவிஸ்ட்

(வெள்ளிக்கிழமையிலிருந்து பிறந்த வீட்டுப் பெயரில் இப்படித்தான் கையெழுத்திடுகிறேன். ஹாக்கெட் என்று எழுதத் தொடங்கி இரண்டு தாளைக் கிழித்துவிட்டேன்.)